காற்று பிடித்தபின் டவரை இறக்கலாமா?

கேள்வி: ஹாம் ரேடியோவுக்காக (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு), ஒன்றுக்குள் ஒன்று செருகிய பகுதிகளை விஞ்ச் (ரோப்பைச் சுற்றும் கைப்பிடி உருளை) சுற்றி ஏற்றி இறக்குகிற டவர் வைத்திருக்கிறேன். முழுதாக ஏற்றினால் 15 மீட்டர், உச்சியில் மூன்று எலிமென்ட் (குறுக்குக் கம்பி) யாகி ஆன்டெனா. போன வாரம் திடீரென்று காற்று பிடித்துக்கொண்டது. அவசரமாக இறக்கப் போனால் பாதியில் நின்றுவிட்டது, இரும்பு ரோப் மட்டும் தொளதொளவென்று தொங்கியது. பயந்துபோய் அப்படியே விட்டுவிட்டேன். செய்தது சரியா? எவ்வளவு காற்றுக்கு இறக்க வேண்டும்? ஸ்டே வயர் (டவரைத் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி) கட்டிவிட்டால் இறக்காமலே சமாளிக்கலாமா?

பதில்: டவர் பக்கத்தில் நிற்காமல் ஒதுங்கியது சரி, ரோப்பைத் தொளதொளப்பாகவே விட்டது சரியில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது உள் பகுதி வெளிப் பகுதியின் விளிம்பில் சாய்ந்து இறுகிக்கொள்ளும். நீங்கள் கீழே கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், ரோப் வெளியே வருகிறது, மேலே எதுவும் இறங்கவில்லை. காற்று ஒரு நொடி ஓய்ந்தால் போதும், அத்தனை எடையும் தொப்பென்று விழும், அந்த உதறலில் ரோப் அறுந்தாலும் அறும். அதனால் இறக்கும்போது கண் ரோப்பின் மேலேயே இருக்கட்டும். லேசாகத் தளர்ந்தாலும் நிறுத்துங்கள், எதிர்ப்பக்கம் சுற்றி விறைப்பாக்குங்கள், காற்று தணிகிற இடைவெளிக்குக் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். டவரை உலுக்கிப் பார்ப்பது, உள்ளே கை விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அப்படியும் அசையவில்லையா, ரோப்பை விறைப்பாக்கி விஞ்சைப் பூட்டிவிட்டு, டவர் சாய்ந்தால் எட்டக்கூடிய தூரத்துக்குள் யாரும் வராமல் பார்த்துக்கொண்டு காற்று அடங்கும்வரை இருங்கள்.

ஆனால் இந்த நிலைக்கே வந்திருக்கக் கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், 40 கிலோமீட்டரில் சாதுவாக நின்ற யாகி 80-ல் வேறு ஜந்து. மேலே போகப் போகக் காற்றும் பலமாகிறது, அடித்தளத்தை நெம்பும் கையும் நீள்கிறது. எத்தனை வேகத்துக்கு, எவ்வளவு பரப்புள்ள ஆன்டெனாவோடு, எந்த உயரம்வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணை இருக்கும், அதுதான் உங்கள் எல்லை. அதைத் தொடும்வரை காத்திருக்காதீர்கள், ஏனென்றால் வானிலை அறிவிப்பில் வருவது பெரும்பாலும் சராசரி வேகம், திடீர் வீச்சு அதைவிட நன்றாகவே மேலே போகும். நான் பார்ப்பது மரங்களை: பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிப்பது கஷ்டமாகிவிட்டால் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் என்று அர்த்தம், என் டவர் அதற்கு முன்பே கீழே இருக்கும். முழுதாக இறக்க நேரமில்லையா, பாதி இறக்கினாலும் பெரிய நிம்மதிதான். இரவில் உபயோகிக்காதபோது ஏற்றி வைக்கவே தேவையில்லை.

ஆன்டெனாவையும் ரேடியோவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளையும் மறக்காதீர்கள். ஒரு தடவை இருட்டில் அவசரமாக இறக்கினேன், தொங்கிய கேபிள் வளையம் ஒன்று இரண்டு பகுதிகளுக்கு நடுவே போய்ச் சிக்கி, கறுப்பு உறை வாழை மட்டை மாதிரி உரிந்து வந்தது. இப்போது கேபிளை டவரிலிருந்து வெளியே நீட்டிப் பொருத்திய தாங்கு கம்பிகளில்தான் விடுகிறேன், பகலில்தான் இறக்குகிறேன்.

சரி, ஸ்டே வயர். தனித்து நிற்கிற மாதிரி செய்த டவருக்கு, தயாரிப்பாளரே சொல்லாதவரை கட்டாதீர்கள். ஸ்டே வயர் பக்கவாட்டில் மட்டும் பிடிப்பதில்லை, கீழ்நோக்கியும் இழுக்கிறது, அந்த இழுப்பெல்லாம் மேல் பகுதிகளைத் தாங்கும் அதே ஒற்றை ரோப்பில்தான் போய் விழும். காற்று கூடக் கூட அதுவும் கூடும்.

அப்புறம், இந்தச் சம்பவத்துக்குப் பின் ரோப்பை முழு நீளமும் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலோ, நசுங்கியோ துருப்பிடித்தோ இருந்தாலோ மாற்றிவிடுங்கள். கப்பிகளையும் பாருங்கள். விஞ்சில் உராய்வுத் தட்டுப் பிரேக் இருந்தால் அந்தத் தட்டில் மட்டும் எண்ணெய் படக்கூடாது (எண்ணெய்க் கேனைக் கையில் எடுத்தவர்கள் ஒரு இடத்தையும் விட்டுவைப்பதில்லை என்பதால் சொல்கிறேன்).

கேள்வி: டவரைப் பாதி ஏற்றிய நிலையில், ஏணி மாதிரி ஏறி, ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரைச் சரிசெய்யலாமா?

பதில்: கூடாது. ரோப் நழுவினால் உள் பகுதியின் குறுக்குக் கம்பிகள் வெளிப் பகுதியின் கம்பிகளைக் கத்தரிக்கோல் மாதிரி உரசிக்கொண்டு இறங்கும், நடுவில் இருப்பது உங்கள் விரலும் பாதமும். முழுதாக இறக்கி, எல்லாப் பகுதியும் அடியில் உட்கார்ந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, தனி ஏணி வைத்து வேலையைப் பாருங்கள்.