தக்காளி இல்லாத பழங்கால பன்சனெல்லா: நாளான ரொட்டி ஏன் வேண்டும்?

பன்சனெல்லா என்பது இத்தாலியின் டஸ்கனி பகுதியில் செய்யும் ரொட்டி சாலட். இன்று தக்காளி இல்லாமல் அதைப் பார்ப்பது அரிது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் ஓவியர் புரொன்சினோ தன் கவிதையில் பாடிய ரொட்டி சாலட்டில் வெங்காயம், வெள்ளரிக்காய், பருப்புக்கீரை போன்றவைதான் வருகின்றன. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். இத்தாலியச் சமையலில் அது பரவலானது பிற்பாடுதான்.

இரண்டு மூன்று நாளான கெட்டி ரொட்டியைத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து உதிர்த்துவிடுங்கள். நறுக்கிய வெங்காயம், வெள்ளரி, கீரை, உப்பு, வினிகர், தாராளமாக ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பிசறி, அரை மணி நேரம் விட்டுச் சாப்பிடலாம். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. நம் கடை ரொட்டி என்றால் உப்பைக் குறையுங்கள். இனிப்பு சாண்ட்விச் ரொட்டி மட்டும் வேண்டாம், கூழாகிவிடும்.

சரி, புது ரொட்டி ஏன் ஆகாது? மாவுச்சத்து வெந்ததும் இளகுகிறது. ஆறி நாளாக ஆக மறுபடி இறுகுகிறது. இறுகிய ரொட்டி நீரை உறிஞ்சினாலும் எளிதில் குழையாது. இட்லி உப்புமாவுக்கு முதல் நாள் இட்லியைத் தேடுவதும் இதற்காகத்தான். சூடான இட்லியை உதிர்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும்.

ஈரம் வற்றுவதால்தான் ரொட்டி கெட்டியாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காற்றுப் புகாமல் மூடி வைத்து, ஈரம் குறையாத ரொட்டியும் இப்படி இறுகத்தான் செய்யும்.