மூச்சை இழுக்காதீர்கள், கவனியுங்கள்

கேள்வி: 'ஸோஹம்' மந்திரம் சொல்லிப் பிராணனைத் தியானிக்கிறேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டுகிறது. என் முறை பிழையா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மந்திரம் பிழையில்லை மகள். அதன் வேகத்துக்கு மூச்சை இழுக்கிறீர்கள் போலிருக்கிறது. மூச்சு தன்பாட்டில் போகட்டும். உள்ளே போகையில் 'ஸோ', வெளியே வருகையில் 'ஹம்' என்று மனதுக்குள் சொல்லுங்கள், உதடு அசையவே தேவையில்லை. சீவன் இரவும் பகலுமாக 21,600 தடவை 'ஹம்ஸ' மந்திரத்தை ('ஸோஹம்' என்பதைத் திருப்பிச் சொன்னால் வருவது) தானாகவே செபிக்கிறது என்கிறது யோகசூடாமணி உபநிடதம். ஏற்கெனவே நடக்கிற செபத்தைக் கவனிப்பதுதான் நம் வேலை. எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை!

நான் கல்லடியில், வாவிப் பக்கத் திண்ணையில் பன்பாய் விரித்து விடியமுன் இருப்பேன். இடுப்பில் உடுப்பு இறுகினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். தளர்த்திவிட்டு, வயிறு மெல்ல எழுந்து தாழ்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள். சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானத்தில் வேண்டாம், உடம்பு சோர்ந்துவிடும்.

மூச்சை அடக்கும் கும்பகம் வேறு பயிற்சி. அதைக் குருவிடம் நேரில்தான் பழக வேண்டும். அப்புறம், படியேறும்போதும் இப்படி முட்டுகிறதென்றால் தியானத்தை நிறுத்திவிட்டு முதலில் டொக்டரிடம் காட்டுங்கள் மகள்.