அப்பா, அம்மா துபாயில். கையெழுத்து யார் போடுவது?

கேள்வி: அக்கா மகன் (15) எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். அவன் பெற்றோர் துபாயில். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தில்லாமல் ஆஸ்பத்திரியில் தொடவே மாட்டார்களாமே? வாட்ஸ்அப்பில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, பல் பிடுங்குவது, எதற்கெல்லாம் அவர்கள் வர வேண்டும்? போன வாரம் அடிவயிறு வலி என்று துடித்தான். வலி மாத்திரை கொடுத்தேன், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

பதில்: காய்ச்சலுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் யாரும் பறந்து வர வேண்டாம், கூட்டிப் போங்கள், பார்ப்பார்கள். தடுப்பூசியும் பல்லும் நாள் குறித்துச் செய்பவை. முன்கூட்டியே அக்காவிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை அந்த வயிற்றுவலிதான். விதைப்பையில் வலி என்று சித்தியிடம் சொல்லக் கூசி, வயிறு என்று சொல்லிவிடுவார்கள் இந்த வயதுப் பையன்கள். சில சமயம் வலி உண்மையிலேயே அடிவயிற்றில்தான் தெரியும். விதை முறுக்கிக்கொண்டால் அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து பிரித்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். 24 மணி நேரம் கடந்தால் பெரும்பாலும் எடுக்க வேண்டியதுதான். திடீரென ஒரு பக்கம் கடும் வலி, கூடவே வாந்தி, அந்தப் பக்க விதை மேலேறி நிற்பது: இதுதான் அடையாளம். போன வார வலி அப்படி முறுக்கித் தானாகப் பிரிந்ததாக இருக்கலாம், அடுத்த முறை பிரியாமல் போகலாம். அதனால் இந்த வாரமே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி வலித்தால் மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காமல், அறுவை அரங்கு உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள்.

கையெழுத்துக்காகவா காத்திருப்பார்கள்? இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92) இதற்காகவே இருக்கிறது. சம்மதம் தர வேண்டியவரை நேரத்துக்குள் எட்ட முடியாதபோது, பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த சிகிச்சை குற்றமாகாது. உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் போகும் நிலையில் உள்ள குழந்தையையே அந்தச் சட்டம் உதாரணமாகக் காட்டுகிறது. அவசர சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் வக்கீல்கள் இதையெல்லாம் அனுப்ப மாட்டார்கள்.

ஆனாலும் பதற்றத்தில் வாக்குவாதம் வரும். அதைத் தவிர்க்க அக்காவும் மாமாவும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். பையன் உங்கள் பொறுப்பில் இருக்கிறான், சிகிச்சைக்கும் அறுவைக்கும் நீங்கள் சம்மதம் தரலாம் என்று அதில் இருக்கட்டும். பிறந்த தேதி, ஒவ்வாமை, இருவரின் எண்கள், அடையாள அட்டை நகல் கூடவே. போனில் சம்மதம் சொன்னால் டாக்டர் அதை நேரத்தோடும் சாட்சியோடும் கேஸ் ஷீட்டில் எழுதட்டும்.

பரிசோதனையின்போது நீங்கள் வெளியே இருங்கள். 15 வயதுப் பையனைத் தொட்டுப் பார்க்க அவன் சம்மதத்தையும் டாக்டர் கேட்பார். எங்கே வலித்தது என்று அப்போதுதான் வாய் திறப்பான்.