இரண்டடி தள்ளி நின்றேன்

வணக்கம் மேடம்,

நான் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தேன். வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளி, தமிழ் வழி. பள்ளியில் நான்தான் முதல் மார்க். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ கிடைத்திருக்கிறது. ஊரில் பஸ் ஸ்டாப்பில் என் போட்டோ போட்டு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் என் இனிஷியல்கூடத் தப்பு. ஆனாலும் அப்பா தினமும் உப்பளத்துக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

பத்து நாளுக்கு முன்னால் அட்மிஷனுக்காக அப்பாவும் நானும் சென்னை போனோம். வரிசையில் முன்னால் நின்ற பையன் என்னிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டான். எந்த ஹாஸ்டல் என்று கேட்கிறான், புரிந்தது. ஆனால் வாய் வரவில்லை. ‘எஸ்’ என்றேன். மறுபடி வேறு மாதிரி கேட்டான். அதற்கும் ‘எஸ்’ என்றேன். அவன் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் ஆபீஸ் ரூமுக்குள் போகும்போது அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டார். அங்கே வேறு யாரும் கழற்றவில்லை. அவர் காலெல்லாம் வெடிப்பாக இருக்கும். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. அங்கே கிளாஸ் எல்லாம் இங்கிலீஷில்தானாம். எனக்குப் புரியுமா? அரியர் விழுந்தால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பேன்? சீனியர்கள் ராகிங் பண்ணுவார்கள் என்று நண்பன் சொல்கிறான். பேசாமல் இங்கேயே பக்கத்தில் பி.எஸ்சி. சேர்ந்துவிடலாமா? அப்பாவிடம் இதைச் சொன்னால் தாங்க மாட்டார். அம்மாவிடம் சொன்னால் “எல்லாம் சரியாப் போயிடும்” என்கிறார். கல்லூரிக்குப் போகுமுன் நான் என்னதான் தயார் செய்துகொள்ள வேண்டும்?

பெயர் வேண்டாம், நாகப்பட்டினம் மாவட்டம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இங்கிலீஷ், அரியர், ராகிங் என்று வரிசையாகக் கேள்விகள். ‘இரண்டடி தள்ளி நின்றேன்’ என்பதை மட்டும் எழுதிவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். தூக்கம் போனது அன்றிலிருந்துதான் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். உங்களைப் படுக்க விடாமல் செய்வது இங்கிலீஷ் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவைப் பார்த்துக் கூச்சப்பட்டீர்கள். கூச்சப்பட்டோமே என்று இப்போது உங்களைப் பார்த்தே கூசுகிறீர்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் இதனால் நீங்கள் கெட்ட பிள்ளை ஆகிவிடவும் இல்லை. பழக்கமில்லாத ஓர் இடத்தில் கால் வைத்ததும் எல்லோரும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றும். நம்மோடு வந்தவர்களை நாமே அந்த இடத்தின் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். கல்லூரிப் பிள்ளைகளோடு நான் பேசத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவின் கண்டாங்கிச் சேலை, அப்பாவின் சத்தமான பேச்சு, ஊரிலிருந்து வந்த சாக்குப்பை என்று ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கும். நாலாம் வருஷத்தில் வந்து சொல்லி அழுவார்கள். நீங்கள் பத்தாம் நாளே எழுதிவிட்டீர்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அப்பா எங்கெல்லாம் செருப்பைக் கழற்றுவார்? கோயிலில், பெரியவர்கள் வீட்டில். அந்த ஆபீஸ் ரூம் அவருக்கு அப்படிப்பட்ட இடமாக இருந்திருக்கிறது. அதில் மட்டமாக என்ன இருக்கிறது?

இதற்காக அவர் முன்னால் போய் உட்கார்ந்து மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நீங்கள் தள்ளி நின்றதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நீங்களாகச் சொன்னால் அந்தப் பாரத்தையும் அவர்தான் தூக்க வேண்டிவரும். வேறு ஒன்று செய்யலாம், கடைசியில் சொல்கிறேன்.

இங்கிலீஷுக்கு வருகிறேன். அந்தப் பையன் கேட்டது உங்களுக்குப் புரிந்திருக்கிறது, பதில்தான் வரவில்லை. பேச வைத்துப் பழக்காததால் வந்த குறை இது. நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், பஸ் பாஸுக்கு ‘போனஃபைட்’ வாங்கி வா என்றார்கள். ஏதோ ஃபாரம் என்று நினைத்து நாலு ஸ்டேஷனரி கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைக்காரர்தான், “அது கடையில விக்காதும்மா, நீ அவங்க காலேஜ்ல படிக்கிறேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுப்பாங்க” என்றார். என் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை. ஸ்காலர்ஷிப், பேங்க் லோன் என்று உங்களுக்கும் அது அடிக்கடி தேவைப்படும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

வகுப்பு தொடங்கும் வரைக்கும் உங்களுக்கு ஒரு வேலை. பாடநூல் கழகத்தின் ப்ளஸ் டூ கணக்கு, இயற்பியல் புத்தகங்கள் இங்கிலீஷிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ்ப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே பாடம், அதே படம், அதே கணக்கு. மின்தேக்கிதான் கெபாசிட்டர். அணிக்கோவைதான் டிட்டர்மினன்ட். குறைகடத்திதான் செமிகண்டக்டர். முதல் செமஸ்டர் கணக்கில் பெரும்பாலும் மேட்ரிக்ஸ் வரும். அதில் ‘ஐகன் வேல்யூ’ என்ற பெயரைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். ஓர் அணிக்கோவையை விரித்துப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தி, வருகிற சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தால் அது வந்துவிடும். நீங்கள் ப்ளஸ் டூவில் செய்த வேலைதான். சரக்கு உங்களிடம் இருக்கிறது, அதன் மேல் இன்னொரு பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நோட்டு போட்டு இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் இங்கிலீஷ் சொல் என்று எழுதி வாருங்கள். முதல் மாதம் அந்த நோட்டைக் கையிலேயே வைத்திருங்கள். இருநூறு சொல் சேர்ந்ததும் வகுப்பு கொஞ்சம் பிடிபடும்.

பேச்சுக்கு ஒரே ஒரு வாக்கியம் இப்போதைக்குப் போதும். ‘கேன் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?’ இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், உப்பளத்து வரப்பில் நடக்கும்போதுகூட. புரியாத இடத்தில் ‘எஸ்’ என்று சொல்வதைத்தான் விட வேண்டும். பள்ளியில் சந்தேகம் கேட்காத பிள்ளைக்குத்தான் நல்ல பிள்ளை என்று பெயர். முதல் மார்க் எடுக்கிறவன் எழுந்து ‘புரியலை சார்’ என்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அந்தக் கூச்சத்தைக் கல்லூரிக்கும் எடுத்துப் போகிறவர்கள்தான் அங்கே திணறுகிறார்கள். வகுப்பில் எழுந்து கேட்க முடியாவிட்டால் முடிந்த பிறகு ஆசிரியரின் அறைக்குப் போய்த் தமிழிலேயே கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். ஒருவர் முகம் சுளித்தால் அடுத்தவரிடம் போங்கள்.

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. உங்கள் வகுப்பில் அறுபது பேர் இருந்தால், அதில் எத்தனையோ பேர் அவரவர் பள்ளியில் முதல் மார்க். முதல் இன்டர்னல் தேர்வில் நீங்கள் இருபதாவதாகவோ நாற்பதாவதாகவோ வரலாம். பன்னிரண்டு வருஷம் முதலாவதாக நின்றவனுக்கு அது கிட்டத்தட்ட ஒரு துக்கம் மாதிரிதான் இருக்கும். இரண்டு நாள் துக்கப்படலாம், தப்பில்லை. ‘நமக்கு இங்கே இடமில்லை’ என்று முடிவுகட்டிவிட மட்டும் கூடாது.

அமெரிக்காவில் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹென் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே ஆராய்ந்து 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். முதலாண்டு மாணவர்களிடம் சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘வந்த புதிதில் இது நம் இடமில்லை என்றுதான் எங்களுக்கும் தோன்றியது, நாளாக நாளாகப் போய்விட்டது’ என்பதுதான் அதன் சாரம். பிறகு அந்த மாணவர்களையே, அடுத்து வரப்போகிறவர்களுக்காகத் தங்கள் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அங்கே தங்களுக்கு இடமில்லை என்ற எண்ணத்தோடு அதிகம் போராட வேண்டியிருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண், அடுத்த மூன்று வருஷமும் ஏறிக்கொண்டே போனது. இதைப் படித்ததிலிருந்து நான் என்னிடம் வருகிறவர்களை எழுதச் சொல்லுவேன். நீங்களும் முதல் செமஸ்டர் லீவில் ஊருக்கு வரும்போது, உங்கள் பள்ளியில் இப்போது ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கடிதம் எழுதுங்கள். பெருமைக்கு அல்ல, எங்கே முழித்தீர்கள் என்று எழுதுங்கள்.

அரியர் பற்றி. பள்ளியில் 35 எடுத்தால் பாஸ், பொறியியலில் பொதுவாக 50. இன்டர்னல் மார்க் முதல் மாதத்திலிருந்தே சேர ஆரம்பித்துவிடும். ‘கடைசி மாதம் உட்கார்ந்து படிச்சுக்கலாம்’ என்பது பள்ளிக் கணக்கு, அங்கே எடுபடாது. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பொதுவாகத் தேர்வே எழுத விடமாட்டார்கள். அப்படியும் ஒரு பேப்பர் போய்விட்டால் அடுத்த முறை சேர்த்து எழுதலாம். ஊர் என்ன சொல்லும் என்கிறீர்கள். அந்த ஃபிளெக்ஸ் ஐப்பசி மழைக்குள் கிழிந்து, யாராவது ஆட்டுக்கொட்டகைக்கு மேலே கட்டியிருப்பார்கள், பாருங்கள்.

7.5 ஒதுக்கீட்டில் வந்ததால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஒதுக்கீட்டில் வந்தவன் என்று யாராவது குத்திக் காட்டினால் தலை குனிய வேண்டாம். கோச்சிங்கும் வழிகாட்டியும் இல்லாமல் நீங்கள் எடுத்த மார்க்கை ஈடுகட்டத்தான் அந்த ஏற்பாடு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று இப்போதே வேதாரண்யம் போய்ப் பார்த்துவிடுங்கள். சான்றிதழ்களை ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். துணி துவைப்பது, மெஸ் சாப்பாடு எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும், அதைப் பற்றி நான் என்ன எழுதுவது?

ராகிங் இப்போது விளையாட்டு இல்லை. தமிழ்நாட்டில் 1997இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது, இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. பெயர், ஊர் கேட்டுப் பாட்டுப் பாடச் சொல்வதோடு நின்றால் நீங்களே சமாளிப்பீர்கள். கை வைத்தாலோ, உடம்பையோ சாதியையோ இழுத்தாலோ, ராத்திரி அறைக்கு வரச் சொன்னாலோ வார்டனிடம் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால் ராகிங் புகாருக்கான உதவி எண் 1800-180-5522, எந்நேரமும் எடுப்பார்கள்.

பி.எஸ்சி. மட்டமான படிப்பு இல்லை. உங்களுக்கு இயற்பியல் பிடித்து அதற்குப் போனால் நானே வாழ்த்துவேன். ஆனால் உங்கள் கடிதத்தில் பிடித்தது என்று ஒரு சொல்கூட இல்லை, தப்பித்தால் போதும் என்பதுதான் இருக்கிறது. பயத்தில் எடுத்த முடிவை ஒரு செமஸ்டர் தள்ளிப்போடுங்கள்.

தூக்கம் இன்னும் ஒரு வாரத்தில் திரும்பாவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், ‘இருந்து என்ன’ என்கிற மாதிரி ஒரு தடவை தோன்றினால்கூட, அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அந்த எண் இருக்கட்டும். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவர் அறை எந்த மாடியில் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பா. ஹாஸ்டலில் சேரும் நாளன்று அவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள், ‘நான் தனியாகவே போய்க்கிறேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். வாசலில் அவர் செருப்பைக் கழற்றினால் தடுக்க வேண்டாம். அவர் பக்கத்திலேயே நின்று, வார்டனிடம் “இவங்க எங்க அப்பா” என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். மறுபடி கூச்சம் வரும், வரட்டும், வாக்கியத்தை முடித்துவிடுங்கள். பிறகு அறைக்குக் கூட்டிப் போய் உங்கள் கட்டில் எது, ஜன்னல் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டுங்கள். அறையில் வேறு பையன்கள் வந்திருந்தால் அவர்கள் பெயரையும் கேட்டு அவரிடம் சொல்லுங்கள். ராத்திரி ஊர் திரும்பியதும் உங்கள் அம்மா அவரிடம் கேட்கப்போவதெல்லாம் இதைத்தான்.