திரைக்குப் பின்னாடி இருக்கறவங்க பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

சென்னை சபா நாடகங்கள்ல ப்ராம்ப்டரா, அதாவது நடிகர் மறந்த வசனத்தை மறைவுலேந்து எடுத்துக் கொடுக்கறவளா ஆரம்பிச்சு ஸ்டேஜ் மேனேஜர் வரைக்கும் வந்தவ நான். பகல்ல பேங்க், சாயங்காலம் ரிகர்சல்னு முப்பது வருஷம் ஓடிடுச்சு, இப்போ ரிடையர்ட். லைட், செட், மேக்கப், ப்ராப்பர்ட்டி, திரை இழுக்கறவர் பத்தி எது வேணா கேளுங்க. நடிகர்கள் பத்தின கிசுகிசு கிடையாது. மாமின்னு கூப்பிடறவங்களுக்கு பதில் கடைசிலதான்.

அமெச்சூர் ட்ரூப்னா லைட்மேன், மேக்கப்மேன் எல்லாரும் சும்மா வந்து பண்றவங்களா மேடம்?

நல்லவேளை இதை முதல்ல கேட்டீங்க. மேடைல தெரியறவங்கதான் அமெச்சூர். 1891ல பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபா ஆரம்பிச்ச காலத்துலேந்தே அப்படித்தான், அதுவரைக்கும் நாடகம்னா கம்பெனில சம்பளத்துக்கு நடிக்கறவங்க, இவங்க வக்கீல், உத்தியோகஸ்தர்னு வேற பொழைப்பு இருந்தவங்க. 1952ல வந்த யுனைட்டட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் பேர்லயே அமெச்சூர்னு வெச்சுக்கிட்டாங்க. ஆனா பின்னாடி? லைட்காரர், மேக்கப்காரர், செட் காண்ட்ராக்டர், அவர்கூட மினி லாரில வர்ற நாலு பசங்க, இவங்களுக்கு இதுதான் சோறு. ஷோவுக்கு இவ்வளவுன்னு கூலி, இன்னிக்கு எங்க ட்ரூப், நாளைக்கு வேற ட்ரூப். நாங்க பத்து ஷோ போடறதுக்குள்ள அவங்க நூறு ஷோ பார்த்துடுவாங்க. எங்க லைட்காரர் கிராண்ட் ரிகர்சல்ல முதல் சீன் முடிஞ்சதும் பீடியை காதுல சொருகிட்டு "ரெண்டாவது பாதி இழுக்குதும்மா"ன்னு சொன்னா ரைட்டர் கோச்சுப்பார், மூணாவது ஷோவுக்கு அப்புறம் அதே இடத்துல பத்து நிமிஷம் வெட்டுவார்.

இதுல எனக்கு ஒரு ஆறாத வயித்தெரிச்சல் உண்டு. ஷோ முடிஞ்சதும் சீஃப் கெஸ்ட் எல்லாரையும் வரிசையா கூப்ட்டு பொன்னாடை போடுவார். "ஒளி அமைப்பு..."ன்னு பேர் வாசிக்கறப்போ அந்த மனுஷன் விங்க்ஸ்ல, அதாவது மேடையோட பக்கவாட்டு மறைவுல, குனிஞ்சு கேபிள் சுத்திட்டிருப்பார், ஏன்னா பத்து மணிக்குள்ள ஹாலை காலி பண்ணணும். பாதி நாள் அந்த சால்வையை நான்தான் வாங்கி அவர் பையில திணிச்சிருக்கேன்.

அக்கா, கோவைல காலேஜ் நாடகம் பண்றோம். ஆயிரம் வாட்ஸ் லைட் எட்டு வாடகைக்கு சொல்லியாச்சு. செமினார் ஹால் ப்ளக்ல போட்டா போதுமா?

தம்பி, ப்ளீஸ், போடாதீங்க. ஆயிரம் வாட்ஸ் ஹாலஜன் ஒண்ணு 230 வோல்ட்ல நாலேகால் ஆம்ப்ஸுக்கு மேல இழுக்கும். 15 ஆம்ப்ஸ் ப்ளக் ஒண்ணுல மூணு போடலாம், நாலாவது போட்டா தாண்டிடும். எட்டு லைட்டுன்னா 35 ஆம்ப்ஸ்கிட்ட வரும், அதை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கொடுத்தா ப்ரேக்கர் விழறது நல்ல காலம், விழலேன்னாதான் வயர் உருகும். காலேஜ் எலக்ட்ரீஷியனை கூப்ட்டு மெயின் போர்டுலேந்து தனி லைன் எடுங்க, எர்த் இருக்கான்னு பாருங்க. பட்ஜெட் இருந்தா எல்ஈடி பார் லைட் கேளுங்க, ஒண்ணு சாதாரணமா 200 வாட்ஸ்தான். ஹாலஜன் பல்பை வெறும் கையால மாத்தாதீங்க, விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டுல வெடிக்கும். வயரை பாருங்க. திரும்பவும் சொல்லுவேன்.

எனக்கு நடிக்கணும்னு ஆசை, உங்க ட்ரூப்ல சான்ஸ் கிடைக்குமா?

கேட்டது தப்பில்ல, ஆனா அது டைரக்டர் பார்க்கற வேலை, நான் இல்ல. ஏப்ரல்-மே மாசம் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா நடக்கும், நிறைய ட்ரூப் புது நாடகத்தோட வருவாங்க. போய் பாருங்க, முடிஞ்சதும் க்ரீன் ரூம் வாசல்ல நின்னு பேசுங்க.

சபா நாடகத்துல எப்பவும் ஏன் ஒரு சோபாவை நடு மேடைல போடறாங்க?

ஹஹா. ரைட்டருக்கு கற்பனை பத்தலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பாதி காரணம் மைக். மேலேந்து தொங்கற மைக் மூணோ நாலோதான், நடுவுல இருக்கறதுதான் நல்லா எடுக்கும். முக்கியமான டயலாக் அதுக்கு கீழ வரணும், நின்னுட்டே இருந்தா நல்லாவா இருக்கும், அதனால சோபா. மைக் எடுக்காத மூலைல செட்காரர் படிக்கட்டு வெச்சுட்டா அங்கேந்து யாரும் அழக்கூடாது, கடைசி வரிசைக்கு கேக்காது. இப்போ காலர் மைக் வந்துடுச்சு, சோபா மட்டும் போகலை.

நாடகம் ஒண்ணு எழுதியிருக்கேன், படிச்சு சொல்றீங்களா?

மாட்டேன். நாலு பேரை உக்காத்தி வெச்சு சத்தமா படிங்க.

ப்ராம்ப்டர் வெச்சுக்கறது அசிங்கம் இல்லையா? நாங்க நவீன நாடகம் பண்றவங்க, ரெண்டு மாசம் ரிகர்சல், ஒரு வரி யாரும் எடுத்துக் கொடுக்கறதில்ல.

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். கூத்துப்பட்டறை 1977, பரீக்‌ஷா 1978, இந்த நவீன நாடகக் குழுக்கள் பண்ணின வேலை மேல எனக்கு மரியாதை உண்டு, நிறைய பார்த்திருக்கேன். ஆனா எங்காளு ஆறு மணிக்கு பிராஞ்ச்ல கேஷ் டாலி பண்ணிட்டு ஏழு மணிக்கு ரிகர்சல் வரணும். மூணு வாரம், அதுல பாதி நாள் யாராவது ஒருத்தர் ஆடிட்னு வரமாட்டார். அவர்கிட்ட போய் உடம்பை தயார் பண்ணு, குரலை தயார் பண்ணுன்னா...

அப்போ மூணு வாரத்துல மேடை ஏறாதீங்க. ஆடியன்ஸ் காசு கொடுத்து வர்றாங்க, முதல் வரிசைக்கு உங்க குரல் கேக்குது.

கேட்டா அவ மோசமான ப்ராம்ப்டர். விங்க்ஸ்ல ஸ்டூல் போட்டு உக்காந்து ஸ்க்ரிப்டை பாத்து படிக்கறதுதான் இந்த வேலைன்னு நினைக்கறீங்க இல்ல? நடிகர் ஒரு வரி பேசும்போது என் கண்ணு அடுத்த வரில இருக்கும். ஆனா வாய் திறக்கக்கூடாது, அவர் வேணும்னே பேச்சை நிறுத்தி விடற பாஸ்ல நான் எடுத்துக் கொடுத்தா அந்த சீன் செத்துது. பாஸா, மறதியான்னு எப்படி தெரியும்? ஆளைப் பொறுத்தது. ஒருத்தர் மறந்தா வாட்சை தொடுவார், ஒருத்தர் கண்ணாடியை கழட்டுவார், ஒரு அம்மா புடவை தலைப்பை இழுத்து சொருகுவாங்க. இதை ரிகர்சல்லயே பென்சில்ல ஓரத்துல குறிச்சு வெச்சுப்பேன். எடுத்துக் கொடுக்கறதும் முழு வரி இல்ல, முதல் வார்த்தை, அதுவும் எதிர் நடிகர் பேசற சத்தத்துக்கு அடியில.

ஒரு தடவை ரெண்டாவது சீன்லயும் அஞ்சாவது சீன்லயும் "லெட்டர் வந்துதா?"ன்னு ஒரே கேள்வி. பெரியவர் ரெண்டாவது சீன்ல அதைக் கேட்டுட்டு நேரா அஞ்சாவது சீனுக்கு போயிட்டார், இன்னும் ரெண்டு வரி போனா பையன் செத்த விஷயம் வெளில வந்துடும், அந்தப் பையனோ இன்னும் மேடைக்கே வரலை, மேக்கப் போட்டுட்டு பஜ்ஜி சாப்ட்டுட்டிருக்கான். கத்தினா ஊருக்கே கேக்கும். வேலைக்காரன் வேஷம் போட்ட பையன் கையில காபி டம்ளரை கொடுத்து உள்ள தள்ளினேன். அவன் போய் "ஐயா, லெட்டர் இன்னும் வரலையாம், நாளைக்குத்தான் வருமாம்"னான். பெரியவர் அவனை ஒரு நிமிஷம் முறைச்சுட்டு காபியை வாங்கி குடிச்சுட்டு ரெண்டாவது சீனுக்கு திரும்பி வந்தார். காலி டம்ளர்! அதுக்கு கைதட்டல் வேற. உங்க ரெண்டு மாச ரிகர்சல்ல இது நடக்காதா? நடந்தா யார் டம்ளர் அனுப்புவா?

கதை நல்லா இருக்கு. ஆனா அவர் சரியா மனப்பாடம் பண்ணியிருந்தா டம்ளரே வேண்டாமே.

சரி, அதை ஒத்துக்கறேன். எங்காளுங்கள்ல சிலர் "அதான் அவ இருக்காளே"ன்னு சோம்பேறி ஆனது உண்மை, அதுல என் தப்பும் இருக்கு. ஆனா அசிங்கம்னு மட்டும் சொல்லாதீங்க.

நானும் உங்க பக்கம்தான் மேடம். ப்ராம்ப்டருக்கு கூலி உண்டா?

கூலி வாங்காத பின்னணி ஆள் நான் ஒருத்திதான், பேங்க் சம்பளம் வந்துதே. காபி, ரெண்டு பஜ்ஜி, ஆட்டோ.

மேடம், நடிக்க வாய்ப்பு...

மேல பாருங்க.

நாடகம் போட போலீஸ் பர்மிஷன் வேணுமா? ஸ்க்ரிப்ட் கொடுக்கணும்னு சொல்றாங்க.

முன்னாடி கமிஷனர் ஆஃபீஸுக்கு ஸ்க்ரிப்ட் தூக்கிட்டு அலைஞ்சிருக்கோம். அதுக்குக் காரணமான 1954ஆம் வருஷ நாடக சட்டத்தோட முக்கியமான பிரிவுகளை 2013ல ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, பரீக்‌ஷா ஞாநி போட்ட கேஸ். ஹால்காரங்க கண்டிஷன் தனி, அவங்களை கேட்டுக்கோங்க.

ஒட்டு மீசை பாதி சீன்ல விழுந்துடுது, என்ன பண்றது?

மேல் உதட்டை ஷேவ் பண்ணி, வேர்வை துடைச்சு, ஸ்பிரிட் கம் தடவினதும் ஒட்டாதீங்க, கொஞ்சம் பிசுக்குன்னு ஆகற வரைக்கும் காத்திருந்து அழுத்துங்க. எடுக்கும்போது பிய்க்காம தேங்கா எண்ணெய். இன்னொண்ணு, அந்த ஸ்பிரிட் கம் பத்திக்கும். ஷோவுக்கு முன்னாடி க்ரீன் ரூம்ல பிள்ளையார் படம் வெச்சு கற்பூரம் காட்டறோம் இல்ல, அந்த டேபிள்லயேதான் எல்லாரும் ஸ்பிரிட் பாட்டிலை திறந்து வெப்பாங்க. தூரமா வைங்க.

அந்தக் காலத்துல உப்புத்தண்ணில லைட் டிம் பண்ணுவாங்கன்னு தாத்தா சொல்வார், நிஜமா?

நிஜம்தான் கண்ணா. ஜாடில உப்புத்தண்ணி, அடியில ஒரு தகடு, மேலேந்து கயித்துல இன்னொரு தகடு. இறக்க இறக்க லைட் கூடும், தூக்கினா மங்கும். ரொம்ப நேரம் ஓடினா தண்ணி கொதிக்கும், பக்கத்துல ஒருத்தர் ஈரத்தரைல நின்னுட்டு கயிறு பிடிச்சிருப்பார். வீட்ல ட்ரை பண்ணாதீங்க, தாத்தா சொன்னாருன்னு யாராவது பண்ணுவீங்க, தெரியும். வயரை பாருங்க.

மாமி, நடிக்க சான்ஸ்?

இல்ல.

சரி மாமி, நடிக்க வேண்டாம். கேபிள் சுத்தவாவது வரலாமா?

இதை முதல்லயே கேட்டிருந்தா மாமியையும் மன்னிச்சிருப்பேன். அடுத்த ஞாயித்துக்கிழமை செட் இறங்குது, உங்க நம்பரை தனியா எனக்கு மட்டும் அனுப்புங்க, லைட்காரர் கூப்பிடுவார். சாப்ட்டுட்டு வாங்க, ரப்பர் செருப்பு போட்டுட்டு வாங்க.