சாபுவுக்குக் கிடைக்காத பெர்மிட்

ஐயா,

என் தாத்தா மலேசியாவில், காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் ஹாலிவுட் நடிகர் சாபுவைத் திரையில் பார்த்ததாகச் சொல்வார். "துரைமார் ஊரையே ஆட்டிவைத்த நம் பையன்" என்பார். இன்று சிலர் அவரை வெள்ளையனுக்குத் துதிபாடிய நடிகர் என்கிறார்கள். எது சரி? அவ்வளவு புகழ் பெற்றவர் ஏன் ஓர் இந்தியப் படத்தில்கூட நடிக்கவில்லை?

வாசகர், காப்பார்

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். ஆனால் அவர் பூரிப்பு எனக்குப் புரிகிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்பது. அந்தத் தலைமுறைக்கு, திரையில் பூதத்தையே ஏமாற்றிக் குப்பிக்குள் அடைக்கும் ஒரு மாநிறப் பையன் எப்படித் தெரிந்திருப்பான்!

சாபு 1924-இல் மைசூர் சமஸ்தானத்தில், யானைப்பாகன் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 'எலிபன்ட் பாய்' 1937-இல் வெளிவந்தபோது வயது 13. பிறகு லண்டன், அங்கிருந்து ஹாலிவுட். 1938-இல் வந்த 'தி டிரம்' படத்தில் ஆங்கிலேயருக்கு உதவும் இளவரசனாக நடித்தார். பம்பாயிலும் சென்னையிலும் எதிர்ப்புக் கிளம்பியது. நியாயமான கோபம்தான். ஆனால் படம் எடுத்தவர்கள் கோர்டா சகோதரர்கள். 14 வயதுப் பையனிடம் போய் ஏகாதிபத்தியத்துக்குக் கணக்குக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என் குறை வேறு. அவரை வளரவே விடவில்லை. 'அரேபியன் நைட்ஸ்', 'கோப்ரா உமன்' என்று வரிசையாகப் படங்கள். காதலும் முத்தமும் கதாநாயகன் ஜான் ஹாலுக்கு, கூட ஓடும் தோழன் வேடம் சாபுவுக்கு. 1944-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பசிபிக் போரில் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரராகப் பணியாற்றிப் பதக்கமும் வாங்கினார். திரும்பி வந்தவருக்கு 1947-இல் 'பிளாக் நார்சிசஸ்' அமைந்தது. நகையும் அத்தருமாக வந்து நிற்கும் அந்த இளம் ஜெனரலிடம்தான் ஆசையுள்ள ஒரு வாலிபனைப் பார்க்கிறேன். அதற்குப் பின் சொல்லிக்கொள்ளும்படி அதிகமில்லை. 1952-இல் இத்தாலியில், அந்நாட்டு இயக்குநரும் நடிகருமான டி சிகாவுடன் நடித்தார். அங்கும் ஒரு யானை.

இந்தியப் படம் அவருக்கு ஏறக்குறைய அமைந்தது. இயக்குநர் மெஹபூப் கான், 'மதர் இந்தியா' இந்திப் படத்தின் பிர்ஜு பாத்திரத்துக்கு முதலில் நினைத்தது சாபுவைத்தான். ஆனால் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டவருக்கு, பிறந்த நாட்டில் வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. பாத்திரம் சுனில் தத்துக்குப் போனது. 1957-இல் வந்த அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. எல்லா நாட்டிலும் நடித்தவர் என்று சாபுவைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். காப்பாரில் இருக்கும் உங்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு, வேலை பெர்மிட் கிடைக்காமல், 1969-க்குப் பிறகு கப்பலேறியவர்கள் உங்கள் லயத்திலும் இருந்திருப்பார்கள். அவர்களில் பலர் பிறந்ததே இங்கேதான்.

சாபு 1963-இல், 39 வயதில், மாரடைப்பில் காலமானார்.

தாத்தா பார்த்தது அநேகமாக 1940-இல் வந்த 'பாக்தாத் திருடன்' ஆக இருக்கும். பூதம் வருவது அதில்தான். 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' என்ற ஆங்கிலப் பெயரில் தேடுங்கள். தமிழில் தேடினால் 1960-இல் வந்த எம்.ஜி.ஆர். படம்தான் கிடைக்கும். அதையும் பாருங்கள், வைஜயந்திமாலா இருக்கிறார்.