பாறை ஏறப் பழகுவோருக்கு: வாசகர் கேள்வி–பதில்

உள்ளரங்குச் சுவரில் ஏறப் பழகி மூன்று மாதம் ஆகிறது. பத்து நிமிடத்திலேயே முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. புல்-அப் கூட்டினால் சரியாகுமா? (கோவை வாசகர்)

புல்-அப் முதுகுக்கும் தோளுக்கும் நல்லது; இந்தச் சிக்கலைத் தீர்க்காது. பிடியை விடாமல் இறுக்கினால் முன்கைத் தசைக்குள் ரத்த ஓட்டம் தடைபடும், அதனால்தான் இறுக்கம். புதியவர்கள் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிப்பார்கள், முழங்கையை மடக்கியே வைத்திருப்பார்கள்.

சுவரில் நிற்கும்போதெல்லாம் முழங்கையை மடக்காமல் கையை நீட்டியே பிடியுங்கள். இடுப்பைச் சுவரோடு ஒட்டினால் எடை காலுக்கு இறங்கும். பாதத்தின் நடுப்பகுதியை வைக்காமல், பெருவிரலின் உள்விளிம்பை வையுங்கள். கால் பதியும்வரை கண் கால் வைக்கும் பிடியிலேயே இருக்கட்டும். பலர் கடைசி நொடியில் மேலே பார்த்துவிடுவதால்தான் கால் வழுக்குகிறது. எளிய பாதையில் காலடிச் சத்தமே கேட்காமல் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. கடினமான முயற்சிகளுக்கு இடையே 3 முதல் 5 நிமிடம் உட்காருங்கள். யாரும் உட்காருவதில்லை, அதுதான் தொல்லை.

மோதிர விரலின் அடியில் வலி. நண்பர் விரல்பலகை (விரல்நுனியால் தொங்கிப் பழகும் பலகை) வாங்கித் தொங்கச் சொல்கிறார். (சேலம் வாசகர்)

வேண்டாம். விரலின் தசைநாணை எலும்போடு பிடித்துவைக்கும் வளையங்களில் ஒன்று அந்த இடத்தில்தான் இருக்கிறது. தசை சில வாரங்களில் வலுப்படும்; நாணும் வளையமும் வலுப்பட மாதக்கணக்காகும். இந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது. விரல் மூட்டை மடக்கிக் கட்டைவிரலை மேலே பூட்டும் கிரிம்ப் பிடி அந்த வளையத்தை மிகவும் இழுக்கும். முடிந்தவரை விரல் மூட்டை அதிகம் மடக்காத பிடியில் ஏறுங்கள். விரல்பலகையை முதல் ஓராண்டு மறந்துவிடலாம். வாரம் இரண்டு நாள், நடுவே 48 மணி நேர ஓய்வு போதும். 'டக்' என்ற சத்தத்தோடு வலி வந்து வீங்கினால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

காலணி எந்த அளவில்? (திருச்சி வாசகர்)

விரல்நுனி முன்பக்கத்தைத் தொட்டு லேசாக வளைய வேண்டும், வலிக்கக் கூடாது. தோல் காலணி பழகப் பழகத் தளரும். முனை கீழ்நோக்கி வளைந்த மாடல் இப்போது வேண்டாம். கூடத்தில் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு மாதம் அதிலேயே ஓட்டுங்கள்.

கயிற்றில் ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும்? (சென்னை வாசகர்)

ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். எட்டு வடிவ முடிச்சு ஹார்னஸின் (இடுப்பிலும் தொடையிலும் அணியும் பட்டை) மேல், கீழ் இரு வளையத்திலும் நுழைந்திருக்கிறதா, இழைகள் குறுக்கிடாமல் இணையாக ஓடுகின்றனவா, முடிச்சுக்கு வெளியே கயிற்றின் வால் ஒரு சாணாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பிலே கருவியை (கயிறு பிடிப்பவர் கயிற்றை நிறுத்தும் கருவி) மாட்டும் காராபினர் என்ற உலோகக் கொக்கி பூட்டியிருக்க வேண்டும். கிரிக்ரி போலத் தானே பிடிக்கும் கருவியானாலும் பிரேக் கை, அதாவது கயிற்றை நிறுத்தும் கை, கயிற்றை விடவே கூடாது. கயிறு மேலே போய்த் திரும்பி வருவதால், 60 மீட்டர் கயிற்றால் 30 மீட்டருக்கு மேலுள்ள நங்கூரத்திலிருந்து (உச்சியில் கயிற்றை மாட்டும் இடம்) ஒருவரைத் தரைக்கு இறக்க முடியாது. கயிற்றின் மறுமுனையில் முடிச்சுப் போட மறந்தால் முனை கருவியிலிருந்து நழுவும், இறங்குபவர் விழுவார்.

பாறை ஏற கர்நாடகத்தின் ஹம்பி, பாதாமிக்கு எப்போது போகலாம்? (ஓசூர் வாசகர்)

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஹம்பி கருங்கல்லில் போல்டரிங்தான் (உயரம் குறைந்த பாறைகளில் கயிறில்லாமல் ஏறுவது) அதிகம். கல் சொரசொரப்பு விரல்தோலைத் தின்னும், தோல் சிவந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். கீழே மெத்தை இருந்தாலும் கையைப் பின்னால் ஊன்றி விழாதீர்கள், மணிக்கட்டு போகும். முழங்காலை மடக்கி இறங்கி முதுகுப்பக்கம் உருளுங்கள். கோயில், மண்டபம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கை வைக்கவே கூடாது. பாதாமி மணற்கல். மழையில் ஊறினால் வலுவிழந்து பிடி உடையும், நன்றாகக் காயும்வரை காத்திருங்கள். பாறை விளிம்பில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.